பேய் வீட்டுக்குக் கூப்பிட்டால்: போய்ப் பார்க்கும் முறை

எங்கள் ஆயா காசிமேட்டில் மந்திரிக்கிறவர். கைக்குழந்தை பால் குடிக்காமல் வீறிட்டாலும், கடலுக்குப் போன ஆள் காய்ச்சலோடு கரை திரும்பினாலும், புதுப்பெண் ராத்திரியில் அலறினாலும் ஆயாவைத்தான் கூப்பிடுவார்கள். ஒரு கொத்து வேப்பிலை, விபூதி மடல், ஒரு பித்தளைச் சொம்பு. அவர் எடுத்துப் போவது அவ்வளவுதான். காசு வாங்க மாட்டார், வெற்றிலை பாக்கு மட்டும் வாங்கிக்கொள்வார். சொம்பைத் தூக்கிக்கொண்டு பின்னால் போகும் வேலை என்னுடையது. பிறகு நான் படித்து, ஒரு கல்லூரியில் வேதியியல் ஆய்வக உதவியாளராகி, 31 வருஷம் பியூரெட் கழுவிக் கரைசல் கலந்து ஓய்வு பெற்றேன். ஆயா போன பிறகு தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, வண்ணாரப்பேட்டைப் பக்கத்து சனங்கள் என்னைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். நானும் போகிறேன். அதே சொம்பு இன்றும் என் பையில் இருக்கிறது. பக்கத்திலேயே தெர்மாமீட்டரும் இருக்கிறது.

கூட வந்து பார்த்த பிள்ளைகள் சிலர், "அக்கா, இத எங்களுக்கும் கத்துக்குடுங்க" என்று கேட்கிறார்கள். கையில் இருப்பதை எழுதி வைக்கிறேன்.

வாசலில் நுழையும்போதே வீட்டுக்காரர்கள் கேட்பது, "பேய் இருக்குதா இல்லியாக்கா?" அதற்குப் பதில் சொல்லாதீர்கள். "எங்க, எப்போ, யாருக்கு?" என்று திருப்பிக் கேளுங்கள். இந்த மூன்றுக்கும் விடை கிடைப்பதற்கு முன்னால் இருக்கிறது என்று சொன்னாலும் இல்லை என்று சொன்னாலும் நீங்கள் பொய் சொல்கிறீர்கள்.

பேய் என்ற சொல்லையே கொஞ்சம் கவனியுங்கள். பேய்ச்சுரை, பேய்ப்பீர்க்கு, பேய்க்கரும்பு என்கிறோம். அடங்காமல் கொட்டினால் பேய் மழை. வீட்டுத் தோட்டத்துக்குள் வராதது, கசப்பது, கட்டுப்படாதது எல்லாம் நம் மொழியில் பேய். அந்தக் கசப்புக் கரும்பு எங்கே இனிக்கிறதோ அங்கே தங்குவது என்று திரிந்த பட்டினத்தாருக்குத் திருவொற்றியூரில் அது இனித்ததாகக் கதை. அவர் சமாதி இன்றும் அங்கே கடலோரமாக இருக்கிறது. காரைக்கால் அம்மையார் தானே கேட்டுப் பேய் வடிவம் வாங்கிக்கொண்டவர், காரைக்காற் பேயார் என்றே அவருக்குப் பெயர். அதனால் பேய் என்றதும் செருப்பைத் தூக்குகிற கை எனக்கு இல்லை. அடங்காத ஒன்று இந்த வீட்டில் இருக்கிறது என்று சனங்கள் சொல்கிறார்கள். அது என்ன என்று பார்க்கத்தான் நான் போகிறேன்.

பையில் என்ன இருக்க வேண்டும்

கோடு போட்ட நோட்டு, பேனா, டார்ச். சுவரில் மாட்டும் சாராயத் தெர்மாமீட்டர் 2. ஊதுவத்தி ஒரு கட்டு: சாமிக்கும் ஆயிற்று, காற்று எந்த இடுக்கு வழியாக வருகிறது என்று புகை காட்டியும் கொடுக்கும். எலக்ட்ரீசியன் வைத்திருக்கும் டெஸ்டர். கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று. லெட் அசிடேட் என்ற ஈய உப்புக் கரைசலில் நனைத்துக் காயவைத்த வடிகட்டித் தாள் துண்டுகள், மூடி இறுக்கிய டப்பாவில். இந்தத் தாள் விஷம். குழந்தைகள் கைக்கு எட்டக் கூடாது, தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். அப்புறம் விபூதி, வேப்பிலை, சொம்பு.

போவதற்கு முன்னால் போனில் ஒன்று சொல்லிவிடுங்கள்: "நான் வர்ற வரைக்கும் வீட்டக் கழுவாதீங்க." நம் பெண்களுக்கு யாராவது வருகிறார்கள் என்றால் மஞ்சள் தண்ணீர் தெளித்து, பொருளெல்லாம் ஒதுக்கி வைப்பதுதான் மரியாதை. அந்த மரியாதையில் தடயமெல்லாம் போய்விடும். இதே சென்னையில், அடையாறு பிரம்மஞான சபையில் அமானுஷ்யமாகக் கடிதங்கள் வருகின்றன என்ற பேச்சை விசாரிக்க 1884 டிசம்பரில் லண்டனிலிருந்து ரிச்சர்ட் ஹாட்ஜ்சன் வந்தார். கடிதங்கள் வந்ததாகச் சொன்ன அந்த அலமாரியை அவர் பார்ப்பதற்குள்ளேயே எரித்துவிட்டிருந்தார்கள். ஏமாற்று என்று 1885இல் அறிக்கை வந்தது, ஆனால் அந்த வாதம் நூறு வருஷத்துக்கு மேல் ஓய்ந்தபாடில்லை. அலமாரி மிச்சமிருந்திருந்தால் ஒரு நாளில் தீர்ந்திருக்கும்.

சொம்பு

ஆயாவின் முறை இது. சொம்பு விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி, பேய் வருவதாகச் சொல்கிற இடத்தில் தரையில் வைப்பார். மேலே ஒரே ஒரு வேப்பிலை மிதக்கும். விளக்கைச் சின்னதாக்கி எல்லாரையும் மூச்சுவிடாமல் உட்காரச் சொல்வார். "தண்ணி சிலுத்துக்கிச்சுன்னா வந்துருச்சுன்னு அர்த்தம்." சின்ன வயதில் நானும் அதைப் பார்த்து உடம்பு சிலிர்த்துப்போய் உட்கார்ந்திருக்கிறேன்.

கொருக்குப்பேட்டையில் ஒரு வீடு. ராத்திரி 2 மணிக்கு அலமாரியிலிருந்து பாத்திரம் தானாக விழுகிறது என்றார்கள். வீட்டுக்காரம்மா கண்ணெல்லாம் உள்ளே போய் இருந்தார். 9 ராத்திரி நேரம் எழுதச் சொன்னேன். 2.05, 2.20, 1.50 என்று இருந்தது. இரண்டு ராத்திரி ஒன்றும் இல்லை. பத்தாவது ராத்திரி நான் சொம்பை வைத்துவிட்டு உட்கார்ந்தேன். 2 மணி தாண்டிக் கொஞ்ச நேரத்தில், காதில் எதுவும் கேட்பதற்கு முன்னாலேயே, தண்ணீரின் ஓரத்தில் மயிரிழை போல ஒரு கோடு எழும்பியது. விளிம்பில் கிளம்பி நடுவுக்கு, வட்டத்துக்குள் வட்டமாக. வேப்பிலை நடுங்கியது. டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தபோது சொம்புக்குள் மொத்தமும் ஜரிகை போல மினுங்கியது. அதற்குப் பிறகுதான் தூரத்தில் கூட்ஸ் வண்டியின் சத்தம் வந்தது. வண்டி நெருங்க நெருங்க அலமாரியின் மேல்தட்டில் ஒரு குண்டான் மெள்ள மெள்ள ஓரத்துக்கு நகர்ந்தது. அதை என் கண்ணால் பார்த்தேன், அந்தம்மாவும் பார்த்தார். அலமாரியின் ஒரு கால் குட்டை. ரப்பர் துண்டு வெட்டிக் கீழே கொடுத்தோம், தட்டின் ஓரத்தில் ஒரு சட்டம் அடித்தோம்.

சொம்பு பொய் சொல்லவில்லை என்பதை நன்றாக நினைவில் வையுங்கள். வந்திருக்கிறது என்று ஆயா சொன்னபோது உண்மையிலேயே ஒன்று வந்திருந்தது. காது கேட்காத அதிர்வைக் கண்ணுக்குக் காட்டும் கருவியை எங்கள் ஆயா 60 வருஷம் இடுப்பில் வைத்துக்கொண்டு அலைந்திருக்கிறார். எண்ணூர் நெடுஞ்சாலையோரம் கண்டெய்னர் லாரி ஓடும் பக்கத்து வீடுகள் எல்லாவற்றிலும் முதல் வேலையாக இதைச் செய்யுங்கள். பெரிய மின்விசிறி, ஏசி, மோட்டார் இருக்கிற கட்டடத்திலும் செய்யுங்கள். இங்கிலாந்தில் விக் டேண்டி என்ற பொறியாளர் தன் ஆய்வகத்தில் ஓரக்கண்ணில் சாம்பல் நிற உருவம் தெரிவதைத் துரத்திக்கொண்டு போய், நொடிக்குச் சுமார் 19 அதிர்வு எழுப்பிய ஒரு மின்விசிறியில் போய் நின்றார். 1998இல் அதை எழுதினார். மனிதக் காது ஏறக்குறைய 20க்குக் கீழே கேட்காது. எல்லா உருவத்துக்கும் இதுவே காரணம் என்று நான் நம்பவில்லை. ஆனால் விசிறியை நிறுத்திப் பார்க்காமல் விபூதியை எடுக்கவும் மாட்டேன்.

மூக்கு

நாற்றம் வருகிறது என்று சொன்னால் அவசரமாக எடுத்துக்கொள்ளுங்கள். பழைய வண்ணாரப்பேட்டையில் மாமியார் செத்து 40 நாள் ஆன வீடு. மருமகள் படுக்கும் அறையில் ராத்திரியானால் பிண நாற்றம். "அத்த வந்து நிக்கிறாங்கக்கா, அவங்க படுத்துக் கெடந்த அதே மூலையில" என்றாள். போய்ப் பார்த்தேன். மாமியார் போனதும் அவர் கட்டிலை எடுத்துவிட்டு, காலியான மூலையில் இன்வெர்ட்டரை நகர்த்தி வைத்திருந்தார்கள். ஜன்னல் கொசுவுக்காகச் சாத்தியிருந்தது. அழுகிய முட்டை நாற்றம் லேசாக வந்தது. பையிலிருந்த லெட் அசிடேட் தாள் ஒன்றை நனைத்து பேட்டரிக்குப் பக்கத்தில் தொங்கவிட்டேன். கால் மணி நேரத்தில் ஓரம் டீத்தண்ணி நிறமானது, பிறகு காபி, பிறகு கறுப்பு. அந்தத் தாளை இப்படிக் கறுக்க வைப்பது ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு. பேட்டரியின் பக்கவாட்டு உப்பிப்போய், தொட்டால் சுட்டது. மின்சாரம் நிற்காமல் ஏறிக்கொண்டே இருந்தால் ஈயப் பேட்டரி இப்படிக் கக்கும், கூடவே ஹைட்ரஜனும் வரும். அந்த அறையில் ஊதுவத்தி கொளுத்தியிருந்தால் வீடே போயிருக்கலாம். அதனால்தான் சொல்கிறேன், மூக்கு முதலில், நெருப்பு கடைசியில். ஜன்னலைத் திறந்து, எல்லாரையும் வெளியே அனுப்பி, வீட்டுக்கு வெளியில் இருக்கும் மெயினை நிறுத்தி, மெக்கானிக்கைக் கூப்பிட்டோம்.

இந்த வாயுவில் இன்னொரு மோசம் உண்டு. அதிகமானால் மூக்கு மரத்துப்போகும், நாற்றம் போய்விட்டது போலத் தோன்றும். பாதாளச் சாக்கடையிலும் கழிவுத் தொட்டியிலும் இறங்கி எத்தனை ஆண்களை நம் பகுதியில் பறிகொடுத்திருக்கிறோம். மூடி கிடந்த கிணறு, தொட்டி, குழி எதற்குள்ளும் நீங்களும் இறங்காதீர்கள், யாரையும் இறக்காதீர்கள்.

பேட்டரியை மாற்றியதும் நாற்றம் நின்றது. அந்தப் பெண்ணுக்குத் தூக்கம் வரவில்லை. மறுபடி போய் உட்கார்ந்தேன். மாமியாரும் அவளும் கடைசி 2 வருஷம் பேசிக்கொள்ளவே இல்லையாம். சாகும் முன்னால் கஞ்சி கொடுத்தபோது கிழவி அவள் கையைப் பிடித்திருக்கிறார், இவள் இழுத்துக்கொண்டாளாம். அதைச் சொல்லி முடிக்க அவளுக்கு ஒரு மணி நேரம் ஆனது. பிறகு நான் விபூதி போட்டேன். ஆயாவின் வார்த்தைகளைச் சொல்லித்தான் போட்டேன். அதற்கு அளவெடுக்க என்னிடம் கருவி இல்லை, ஆனாலும் அதைச் செய்யாமல் வந்திருந்தால் பாதி வேலையில் எழுந்து வந்ததாக ஆகும்.

நாற்றமே இல்லாத விஷம் கார்பன் மோனாக்சைடு. இஸ்திரி போடும் வீட்டில் கரி அணையாத பெட்டியை ராத்திரி உள்ளே வைத்துக் கதவைச் சாத்துவது, சாத்திய குளியலறையில் கேஸ் கீசர், மழை நாளில் அறைக்குள் கரி அடுப்பு. தலைவலி, நெஞ்சை அழுத்துவது, நடமாட்டம் கேட்பது, உருவம் தெரிவது எல்லாம் வரலாம். 1921இல் அமெரிக்கக் கண் மருத்துவர் வில்லியம் வில்மர் ஒரு குடும்பத்தைப் பற்றி எழுதினார். காலடிச் சத்தம், யாரோ பார்ப்பது போல உணர்வு, வெளிறிப்போன குழந்தைகள். காரணம் பழுதான கணப்பு அடுப்பு. வீட்டில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தலை வலிக்கிறதா, வெளியே போனால் சரியாகிறதா என்று கேளுங்கள். ஆமாம் என்றால் கதவு ஜன்னலைத் திறந்து எல்லாரையும் வெளியே கொண்டுவந்து, 108க்குப் போன் போடுங்கள்.

அமுக்குவான்

ராத்திரி நெஞ்சில் ஏறி உட்காருவது, கையைக் காலை அசைக்க முடியாதது, கத்தினால் சத்தம் வராதது. எனக்கு வரும் அழைப்பில் நிறைய இதுதான். கனவு காணும் நேரத்தில் உடம்பு எழுந்து ஆடிவிடாமல் இருக்க மூளை தசைகளைக் கட்டிப்போடும். கட்டு அவிழ்வதற்குள் நினைவு வந்துவிட்டால், கண் திறந்திருக்கும், கனவு பாதி அறைக்குள் நிற்கும், உடம்பு கேட்காது. ஜப்பானியர் இதற்குக் கனாஷிபாரி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் கிழவி வந்து அமுக்குகிறாள் என்பார்கள். உலகம் முழுக்க ஒரே ஆள் ஏறி உட்காருவது எனக்கு ஆச்சரியம்தான். மனித உடம்பு எங்கும் ஒன்று என்பதற்கு இதைவிட நல்ல சாட்சியை நான் பார்க்கவில்லை.

காசிமேட்டில் விசைப்படகுக்குப் போகும் ஒரு தம்பிக்கு இது விடாமல் வந்தது. கடலில் 10, 12 நாள் கண்ட நேரத்தில் தூங்குவது, கரைக்கு வந்ததும் மல்லாந்து பொழுதுக்கும் கிடப்பது. மீன்பிடித் தடைக்காலம் வரட்டும், எழுதி வை என்றேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாளும் வீட்டில் இருந்து ஒரே நேரத்தில் படுத்தான். ஒரு தடவைகூட வரவில்லை. ஒருக்களித்துப் படுக்கச் சொல்லுங்கள், தூக்கத்தைச் சீர் பண்ணச் சொல்லுங்கள். வந்துவிட்டால் மொத்த உடம்போடு மல்லுக்கு நிற்காமல் சுண்டுவிரலை மட்டும் அசைக்கப் பார்க்கச் சொல்லுங்கள். எனக்கு வந்தபோது அதுதான் உதவியது.

யார் யாரிடம் எப்படி நடந்துகொள்வது

முனியை நான் மதிக்கிறேன். எங்கள் பக்கத்தில் முனி நிற்கிற இடங்களைப் போய்ப் பாருங்கள்: கால்வாய் வளைவு, பாழுங்கிணறு, உச்சி வெயிலில் ஆளில்லாத திடல், பிள்ளைகள் ஏறி விழும் பெரிய மரம். அங்கே தனியாகப் போகாதே என்று யாரோ முன்னால் அடிபட்டவர்கள் எழுதி வைத்த பலகை அது. ஒரு முனி இடத்தைக் கேள்விப்பட்டால் சுற்றி நடந்து, தரையைப் பார்த்து, ஆபத்து என்ன என்று தேடுங்கள். கம்பி தொங்கினால் மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள், கிணறு திறந்திருந்தால் மாநகராட்சிக்குச் சொல்லுங்கள். அதற்காக முனியை எடுக்காதீர்கள். கற்பூரம் ஏற்றிவிட்டே வாருங்கள்.

புளியமரத்துப் பேய்க்குப் படித்தவர்கள் சொல்லும் காரணம் ஒன்று உண்டு: ராத்திரியில் மரம் கரியமில வாயு விடுகிறது, கீழே படுத்தால் மூச்சடைக்கும் என்று. இதைச் சொல்கிறவர்கள்மேல் எனக்குக் கோபமே வரும், அளந்து பார்க்காமல் அறிவியல் பெயரைச் சொல்கிறார்களே என்று. மரம் ராத்திரியில் விடுவது உண்மை, ஆனால் திறந்தவெளியில் அது கலைந்துபோகும். ஒரு மனிதன் ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட 1 கிலோ விடுகிறான். சாத்திய 10க்கு 10 அறையில் 5 பேர் படுத்து எழும்போது வரும் தலைபாரத்துக்குத்தான் ஜன்னல் திறக்க வேண்டும்.

மோகினி கதையை ஆண்கள்தான் சொல்வார்கள். அதைக் கேட்கும்போது அந்த இடத்தில் எந்தப் பெண் செத்தாள் என்று பக்கத்து வீட்டுக் கிழவிகளைக் கேளுங்கள். அநேகமாக ஒருத்தி இருப்பாள். ஸ்டவ் வெடித்தது என்று சொல்லி முடித்துவிட்ட சாவாக இருக்கும், கால்வாயில் கிடைத்த உடம்பாக இருக்கும். அவள் பெயரைக் கேட்டு நோட்டில் எழுதுங்கள். நான் எழுதி வைத்திருக்கிறேன். விரட்டும் சடங்கு எதையும் மோகினிக்கு நான் செய்வதில்லை. பெயர் சொல்லி ஒரு அகல் வைக்கச் சொல்வேன்.

காட்டேரி ரத்தம் குடிக்கிறாள் என்று சொல்லப்படும் வீட்டில் கர்ப்பிணி இருந்தால் கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பாருங்கள். வெளுத்திருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு. ஹீமோகுளோபின் 11க்குக் கீழே இருந்தால் கர்ப்பிணிக்கு ரத்தசோகை. இரும்புச் சத்து மாத்திரையை டீயோடு விழுங்குகிறார்கள், டீ அந்தச் சத்தை உடம்பில் சரியாகச் சேரவிடாது. காட்டேரிக்குப் படையல் போடுவதை நான் தடுத்ததில்லை. படையலில் வைத்த ஈரலும் முருங்கைக்கீரையும் அந்தப் பெண் வயிற்றுக்குத்தான் போக வேண்டும் என்பதில் மட்டும் பிடிவாதமாக இருப்பேன்.

கொள்ளிவாய்ப் பிசாசைப் பார்க்க எனக்கு ரொம்ப ஆசை. எண்ணூர்க் கழிமுகத்துச் சேற்றில் நீலமாக எரிந்து எரிந்து அணையும் என்று எங்கள் தாத்தா சொல்வார். கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் இடம் அது. சேற்றுக்குள் அழுகும் இலைதழையிலிருந்து மீத்தேன் வரும். 1776இல் இத்தாலியில் வோல்டா என்ற விஞ்ஞானி ஏரிச் சேற்றைக் குச்சியால் கிளறி, மேலே வந்த குமிழியைப் பாட்டிலில் பிடித்துக் கொளுத்திக் காட்டினார். நானும் எண்ணூரில் முட்டி ஆழத்தில் நின்று, தண்ணீர் நிரப்பிய பாட்டிலைக் கவிழ்த்துப் பிடித்து, அதே போலச் செய்தேன். பாட்டில் வாயில் நெருப்புக் காட்டியதும் நீல நாக்கு ஒன்று உள்ளே இறங்கி மறைந்தது. நெருப்பு வைக்காமலே அது எப்படிப் பற்றுகிறது என்பதுதான் இன்னும் முடியாத கேள்வி. பாஸ்பரஸ் சேர்ந்த வாயு காரணம் என்று சொல்லப்படுகிறது, எனக்கு அது போதவில்லை. இருட்டில் காத்திருந்து பார்க்கலாம் என்றால் எண்ணூரில் இருட்டே கிடையாது. 1969இல் மணலி சுத்திகரிப்பு ஆலை வந்தது, 1970இல் அனல்மின் நிலையம் வந்தது, துறைமுகம் வந்தது. மேகமே ஆரஞ்சு நிறத்தில் இருக்கிறது. பிசாசு எரிந்தாலும் இப்போது கண்ணுக்குத் தெரியாது. எனக்கு இது பெரிய இழப்பு.

விரட்டக் கூடாதது

கணவனை இழந்த பெண், "அவரு பைக்கு சத்தம் கேக்குது, கதவத் தெறக்குறாரு" என்று சொன்னால் நோட்டை மூடிவிடுங்கள். 1971இல் டெவி ரீஸ் என்ற மருத்துவர் வேல்ஸில் துணையை இழந்த 293 பேரைக் கேட்டார். ஏறக்குறையப் பாதிப் பேர் இறந்தவரைப் பார்த்திருக்கிறார்கள், கேட்டிருக்கிறார்கள், அல்லது பக்கத்தில் இருப்பதாக உணர்ந்திருக்கிறார்கள். பலர் அதை யாரிடமும் சொன்னதில்லை. பெரும்பாலோருக்கு அது ஆறுதலாகவே இருந்தது. 2004 டிசம்பர் 26 அலைக்குப் பிறகு எங்கள் கரையில் பல வீடுகளில் இதைக் கேட்டேன். ஒரு அம்மா வருஷக்கணக்காக இரண்டு டம்ளர் டீ வைத்தார். பேய் ஓட்டுகிறேன் என்று யாரோ வந்தபோது அவர் கதவைச் சாத்திக்கொண்டார். நான் அவர் பக்கம்.

எப்போது நீங்கள் ஒதுங்க வேண்டும்: சாப்பாட்டை விட்டால், சாகச் சொல்லிக் குரல் கேட்டால், பிள்ளையைத் தூக்கிப் போடுவேன் என்றால், வாரக்கணக்கில் தூங்காமல் இருந்தால். ஸ்டான்லி ஆஸ்பத்திரியோ, கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையோ, அன்றைக்கே கூடப் போய்ச் சேருங்கள். அரசின் மனநல உதவி எண் 14416க்குப் போன் போட்டால் தமிழிலேயே பேசுவார்கள். வலிப்பு வந்தவர் கையில் சாவிக்கொத்தைத் திணிக்காதீர்கள், ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், நேரத்தைக் குறியுங்கள். 5 நிமிஷம் தாண்டினால் 108. ஆடி மாதம் கோயிலில் சாமியாடும் பெண்ணை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். உடுக்கை நின்றதும் தண்ணீர் குடித்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சோறு வடிக்கிறவளுக்கு வியாதி இல்லை. வருஷத்தில் அந்த ஒரு நாள் அவள் வாயைத் தெரு கேட்கிறது.

சங்கிலி, சவுக்கு, சூடு, மிளகாய்ப் புகை. இதில் எதையாவது ஒருவர் எடுத்தால் போலீசைக் கூப்பிடுங்கள். ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, மனநோயாளிகளை வைத்திருந்த கொட்டகை பற்றியபோது கட்டிப்போட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் செத்தார்கள்.

எலுமிச்சம்பழத்தை அறுத்தால் ரத்தம் வருகிறது என்று காட்டிக் காசு பறிப்பவர்களைப் பற்றி நீளமாகச் சொல்ல மாட்டேன். கத்தியில் செம்பருத்திப் பூவைத் தேய்த்துக் காயவைத்துப் பழத்தை அறுங்கள், உங்களுக்கும் சிவக்கும். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து ஆரத்தி சிவப்பதும் இந்த வகைதான். ஆரத்தி சிவப்பதைப் பார்க்க எனக்கு இன்றும் மனசு நிறையும். அதே சிவப்பைக் காட்டி, வட்டிக்கு வாங்கிய காசை ஒருத்தியிடமிருந்து பிடுங்குவதை என்னால் பொறுக்க முடியாது.

முடியாத கணக்கு

எல்லாவற்றுக்கும் விடை சொல்லிவிட்டு எழுந்துவர வேண்டும் என்று நினைக்காதீர்கள். நோட்டில் "தெரியவில்லை" என்று எழுதி, தேதி போட்டு, திரும்பப் போங்கள்.

திருவொற்றியூரில் கடலுக்குப் பக்கத்தில் ஓட்டு வீடு ஒன்று. முற்றத்தில் கிணறு. அமாவாசை ராத்திரியில் கிணற்றுக்குள் பெண் முனகுவது போலச் சத்தம். வீட்டுப் பாட்டிக்கு அது தன் மாமியார். கடல் பொங்கும்போது மணலுக்குள் தண்ணீர் ஏறி, கிணற்றுச் சுவரின் பொந்துகள் வழியாகக் காற்றைத் தள்ளும் என்று நினைத்தேன். கயிற்றில் கல் கட்டி இறக்கி அளந்தேன். அமாவாசையன்று தண்ணீர் இரண்டு விரற்கடை ஏறுகிறது. சத்தமும் கேட்டது, என் காதால் கேட்டேன். ஊதுவத்தியைக் கிணற்று வாயில் பிடித்தால் புகை மேல்நோக்கிச் சாய்ந்தது. சரி, முடிந்தது என்று நோட்டை மூடப் போனேன். பாட்டி கேட்டார், "பௌர்ணமிக்கும்தானே கடல் பொங்கும்? அன்னிக்கு ஏன் அவங்க பேசுறதில்ல?"

பௌர்ணமிக்குப் போனேன். தண்ணீர் அதே இரண்டு விரற்கடை ஏறியிருந்தது. புகை அதே போலச் சாய்ந்தது. சத்தம் இல்லை. 4 பௌர்ணமி பார்த்துவிட்டேன். காற்றின் திசை, கடல் இரைச்சல், கிணற்றுக்குள் வெப்பம் எல்லாம் எழுதியாகிவிட்டது. நோட்டில் அந்தப் பக்கத்தில் இன்னும் "தெரியவில்லை" என்றுதான் இருக்கிறது. வரும் அமாவாசைக்குச் சொம்பைக் கிணற்று விளிம்பில் வைக்கப் போகிறேன். பாட்டி எனக்கும் சேர்த்துச் சோறு ஆக்குவதாகச் சொல்லியிருக்கிறார்.